இழுத்துக்கொண்டு போனால் அது பயணமா?

வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒரு வாசகர், ஆயிரம் வருடத்துக்கு முன் வட ஐரோப்பாவிலிருந்து கடலோடிய வைக்கிங்குகளின் கப்பலை இந்தக் காலத்தில் யாராவது கட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். டென்மார்க்கில் ‘சீ ஸ்டாலியன்’ என்று ஒன்று கட்டினார்கள், 2007-இல் அறுபது சொச்சம் தன்னார்வலர்கள் அதில் ரோஸ்கில்ட ஊரிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் வரை போனார்கள், அடுத்த வருடம் திரும்பி வந்தார்கள் என்று ரெண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழின் பக்கங்களை எடுத்துக்கொண்டன. சினிமா, அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்த்துக் கட்டினார்கள்? ஆயிரம் வருடத்துக் கப்பலுக்கு வரைபடம் ஏது? சும்மா அடித்துவிடுகிறார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

அடித்துவிடவில்லை ஐயா, சேற்றிலிருந்து எடுத்த மரத்தைப் பார்த்துக் கட்டினார்கள். ரோஸ்கில்ட ஊருக்குக் கடலிலிருந்து வர வேண்டுமென்றால் நீளமான ஒரு கடற்கழி வழியாகத்தான் வர வேண்டும். 1070 வாக்கில், எதிரிக் கப்பல்கள் அந்த வழியாக நுழைந்துவிடக் கூடாது என்று, ஓடி ஓய்ந்த கப்பல்களில் கல்லை நிரப்பி ஸ்குல்டலேவ் என்ற இடத்தருகே குறுக்கே மூழ்கடித்துவிட்டார்கள். 1962-இல் தொல்லியல்காரர்கள் அந்த இடத்தைச் சுற்றி அணை போட்டு, தண்ணீரை இறைத்து, உடைந்து சிதறிக் கிடந்த பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஆறு கப்பல் என்று நினைத்து எண் கொடுத்திருந்தார்கள். பிறகு பார்த்தால் ரெண்டாவதும் நாலாவதும் ஒரே கப்பலின் இரு பகுதிகள், அவ்வளவு நீளம் அது. அதனால் ரோஸ்கில்ட வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் 1, 2, 3, 5, 6 என்றுதான் இருக்கும். போனால் நாலைத் தேடாதீர்கள்.

அந்த நீளக் கப்பல்தான் ஸ்குல்டலேவ் 2, சீ ஸ்டாலியன் அதன் நகல். அதன் ஓக் பலகைகளில் உள்ள ஆண்டு வளையங்களை ஆராய்ந்ததில், மரம் வெட்டியது 1042-இல், அதுவும் டென்மார்க்கில் இல்லை, டப்ளின் பக்கத்தில் என்று தெரிந்தது. டப்ளின் வைக்கிங்குகள் குடியேறி வளர்த்த ஊர்தான், ஆகவே அங்கே கப்பல் கட்டியதில் வியப்பில்லை. அயர்லாந்தில் கட்டிய போர்க்கப்பல் டென்மார்க்கின் கழியில் எப்படி வந்து கிடந்தது, வழியில் அது எப்படி ஓடியிருக்கும் என்ற கேள்விதான் 2007 பயணத்துக்கே அடிப்படை.

2000-இல் தொடங்கி நாலு வருடம் கட்டினார்கள். பலகை அறுக்க ரம்பம் கிடையாது. பழைய கப்பலில் கோடரியின் தடம்தான் இருந்தது என்பதால் இவர்களும் ஆப்பு அடித்து மரத்தை வளையத்துக்குக் குறுக்கே பிளந்து, கோடரியால் செதுக்கினார்கள். முந்நூறு ஓக் மரம், 7000 இரும்பு ஆணி, 600 லிட்டர் கீல், 2000 மீட்டர் கயிறு. 30 மீட்டர் நீளம், 3.8 மீட்டர் அகலம், அறுபது துடுப்பு, 112 சதுர மீட்டர் பாய். 2004 செப்டம்பரில் டென்மார்க்கின் அன்றைய அரசி மார்கரெத்தே தண்ணீரில் இறக்கிவைத்தார்.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். மூலக் கப்பலில் கிடைத்தது கால்வாசிதான். மீதி முக்கால்வாசி, ஒரு பக்கம் இருப்பதை வைத்து மறுபக்கம், மற்ற கப்பல்களை வைத்து இந்தக் கப்பல் என்று கணித்ததுதான். அதை அவர்கள் மறைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், 1957-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு ஓட்டிப்போன மேஃப்ளவர் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1620-இல் ஆங்கிலேயக் குடியேறிகளை அமெரிக்காவுக்கு ஏற்றிப்போன மூல மேஃப்ளவரின் ஒரு பலகைகூடக் கையில் இல்லை, வரைபடமும் இல்லை, அந்தக் காலத்து வணிகக் கப்பல் பொதுவாக எப்படி இருக்கும் என்று பார்த்து வடிவமைத்தது. இரண்டையும் ‘நகல்’ என்றே எழுதுகிறோம், ஆனால் என் கணக்கில் சீ ஸ்டாலியன் ரொம்ப மேலே.

நடுக்கடலில் மோட்டார் கப்பல் ஒன்று இதை இழுத்துக்கொண்டு போனதாகப் படித்தேன். அப்புறம் என்ன வீர பயணம்? இது ஏமாற்று வேலை இல்லையா?
– வாசகர், ஈரோடு

இழுத்தது உண்மை. 2007 ஜூலை 1 அன்று ரோஸ்கில்டவிலிருந்து கிளம்பி, நார்வேயின் தென்கரைக்குப் போய், அங்கிருந்து வட கடலைக் கடந்து ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஓர்க்னி தீவுகளைப் பிடிக்க வேண்டும். அந்தக் கடப்பில் காற்று செத்துவிட்டது. கூடவே வந்த துணைக் கப்பல் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கயிறு கட்டி இழுத்தது.

அறுபது துடுப்பு இருக்கிறதே, வலித்துக்கொண்டு போகக் கூடாதா என்று கேட்பீர்கள். அறுபது துடுப்புக்கு அறுபது ஆள் வேண்டும், கப்பலில் இருந்ததே அவ்வளவு பேர்தான், மாற்று ஆள் இல்லை. துறைமுகத்துக்குள் நுழைய, நீரோட்டத்தைத் தாண்ட, கரையோரமாக ஒரு பகல் வலிக்க அது உதவும். இரவு பகலாகத் திறந்த கடலில் வலிக்கச் சொன்னால் சாப்பிடுவது எப்போது, தூங்குவது எப்போது? நனைந்து, குளிரில் விறைத்துப்போய், உடம்பு வெப்பம் இறங்குகிற நிலையில் ஆட்கள் இருந்தார்கள். வானிலை அறிக்கையும் நல்லதாக இல்லை. மாலுமித் தலைவர் கார்ஸ்டன் ஹ்விட் இடத்தில் நீங்கள் இருந்தாலும் கயிற்றைத்தான் வாங்கியிருப்பீர்கள்.

என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடமே இதுதான். வைக்கிங்குகள் அந்த நிலைமையில் என்ன செய்திருப்பார்கள்? கிளம்பியே இருக்க மாட்டார்கள். நார்வேக் கரையில் ஏதாவது ஒரு குடாவில் கப்பலை ஏற்றி வைத்துவிட்டு, சமைத்துத் தின்றுகொண்டு, சரியான காற்று வரும்வரை ஒரு வாரமோ மூன்று வாரமோ கிடந்திருப்பார்கள். அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய தேதி என்று ஒன்று அச்சடித்து ஒட்டப்படவில்லை. இவர்களுக்கோ ஆகஸ்ட் 14 டப்ளினில் வரவேற்பு, வழியில் ஒவ்வொரு துறைமுகத்திலும் நிகழ்ச்சி, ஆளாளுக்கு ஆபீசில் வாங்கிய லீவு. கோடரியைப் பழைய மாதிரி செய்துகொள்ளலாம், ஆணியையும் செய்துகொள்ளலாம், லீவு முடிகிற தேதியை என்ன செய்வது? பழைய பயணங்கள் எவ்வளவு நாள் பிடித்தன என்று நாம் கணக்குப் போடும்போது ஓடிய நாட்களைத்தான் எண்ணுகிறோம், காற்றுக்காகக் கரையில் படுத்துக் கிடந்த நாட்களை விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் இரண்டாவது கணக்குதான் பெரிது.

ஏமாற்று என்பது இழுத்ததை மறைத்திருந்தால். எங்கிருந்து எங்கே வரை இழுபட்டது என்பது பதிவில் இருக்கிறது. வேகக் கணக்குப் பார்ப்பவர்கள் அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம். 

இழுவைப் பேச்சு வந்ததால் ஒரு தலைகீழ்க் கதை. 2023 ஏப்ரலில் பிரான்ஸின் பிரிட்டனி கரைக்கு அப்பால் ஒரு சின்னப் பாய்ப்படகு சுக்கான் உடைந்து உதவி கேட்டது. ரேடியோவில் முதலில் பதில் சொன்னது யோதெபோரி என்ற சுவீடன் கப்பல். பதினெட்டாம் நூற்றாண்டு வணிகக் கப்பலின் நகல், மூன்று பாய்மரம். தாங்கள் யார் என்று சொன்னபோது படகில் இருந்தவர்கள் நம்பவில்லை. பழைய கப்பல் புதுப் படகை ராத்திரி முழுக்க இழுத்துப்போய்க் கரைக்காரர்களிடம் ஒப்படைத்தது.

சீ ஸ்டாலியனுக்குச் சுக்கான் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருப்பதைப் படத்தில் பார்த்தேன். எப்படித் தாங்கும்? அலை அடித்தால் பிய்த்துக்கொண்டு போகாதா?
– மீனவர், குளச்சல்

அண்ணே, நீங்கள் பார்த்ததும் கேட்டதும் சரியான இடம். பிய்த்துக்கொண்டுதான் போனது.

அமரத்தில், அதாவது கப்பலின் பின்பகுதியில், வலது பக்கமாக, பெரிய அகலத் துடுப்பு மாதிரியான சுக்கான். கப்பலின் பக்கப் பலகையில் ஒரு முண்டு, அதன் நடுவே துளை. சுக்கானிலும் துளை. இரண்டின் வழியாகவும் கயிறு மாதிரி முறுக்கிய கட்டு ஒன்றைக் கோத்து உள்பக்கம் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். மேலே விளிம்பில் இன்னொரு பட்டை. அவ்வளவுதான் பிடிமானம். கட்டு இறுக்கமாக இருந்தால் சுக்கான் திரும்பாது, தளர்ந்தால் ஆடும். முப்பது மீட்டர் கப்பல் நல்ல காற்றில் ஓடும்போது வருகிற மொத்த இழுப்பும் அந்த ஒரு கட்டில் விழுகிறது. 2007 பயணத்தில் அது அறுந்தது. கடலிலேயே மாற்றுக் கட்டுப் போட்டு ஓட்டினார்கள்.

அந்தக் கட்டு எதால் முறுக்கியதாக இருந்தால் தாங்கும் என்பதற்கு மூலக் கப்பலில் விடை இல்லை, ஏனென்றால் அந்தக் கட்டு மிஞ்சவில்லை. வைக்கிங் காலத்துச் சுக்கான்காரனுக்கு அது கைப்பழக்கம். எந்த மரத்து இளங்கொம்பை எந்த மாதத்தில் வெட்டி எப்படி முறுக்க வேண்டும் என்று அப்பனிடம் பார்த்துக் கற்றிருப்பான். பாய்க் கயிறான தாமானை எப்போது இளக்குவது என்று உங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்காத மாதிரிதான். அருங்காட்சியகத்துக்காரர்கள் இதை அறுத்து அறுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அறுபது பேர் எங்கே படுத்தார்கள்? பெண்களும் போனார்களா?
– கல்லூரி மாணவி, மதுரை

போனார்கள். துடுப்பு, பாய், காவல் எல்லாவற்றிலும் ஆண்களோடு சமமாக.

படுக்கை என்று ஒன்று இல்லை. மேல்தளம், கீழ்த்தளம், அறை எதுவும் கிடையாது, முழுக்கத் திறந்த கப்பல். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, கூர்ந்துபோகிற இரண்டு முனைகளையும் கழித்துப் பாருங்கள்: சாமான், கயிறு, துடுப்பு எல்லாம் போக ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் தேறினால் அதிகம். துடுப்புப் பலகைகளுக்கு நடுவே சுருண்டு, பக்கத்து ஆளின் முழங்காலில் தலை வைத்துத் தூங்க வேண்டியதுதான். அந்தக் கோடையில் பிரிட்டன் பக்கம் மழை வேறு கொட்டித் தீர்த்தது. உயிர்காப்பு உடை, ரேடியோ, ஜிபிஎஸ் எல்லாம் வைத்திருந்தார்கள், அதைப் பற்றி யாரும் வெட்கப்படவில்லை. அறுபது பேரின் உயிரை வைத்து ‘அசல்’ விளையாட்டு விளையாட முடியாது.

கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் தெரிந்துவிடுகிற விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு செலவு?
– பொறியாளர், ஓசூர்

கணக்கும் போட்டார்கள். ஆனால் இந்தக் கப்பலின் சங்கதி அதன் நெகிழ்வில் இருக்கிறது. பலகைகள் ரெண்டு மூன்று சென்டிமீட்டர் கனம்தான், ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறி, ஆணியடித்துக் கோத்தவை. அலை ஏறும்போது மொத்த உடலும் பச்சை மூங்கில் மாதிரி வளைந்து கொடுத்து நிமிர்கிறது. விறைப்பான கப்பலுக்குப் போடுகிற கணக்கு இதற்கு ஒத்துவராது. எவ்வளவு வளைகிறது என்று கடலில் அளந்து வந்தால்தான் கணக்கையே சரிசெய்ய முடியும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1880-இல் நார்வேயில் கோக்ஸ்டாட் என்ற இடத்தில் புதைமேட்டிலிருந்து ஒரு வைக்கிங் கப்பல் கிடைத்தது. மாக்னுஸ் ஆண்டர்சன் என்ற மாலுமி அதைப் பார்த்து ஒன்று கட்டி, 1893-இல் பெர்கனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து சிகாகோ உலகக் கண்காட்சிக்கே கொண்டுபோய் நிறுத்தினார். நியூஃபவுண்ட்லாண்ட் வரை 28 நாள். கண்காட்சி நடந்ததோ கொலம்பஸ் அமெரிக்காவுக்கு வந்த 400-ஆவது ஆண்டைக் கொண்டாட! கொலம்பஸுக்கு முன்னாலேயே நாங்கள் வந்திருக்க முடியும் என்று வீட்டு வாசலில் போய்ச் சொன்ன மாதிரி. அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். விளிம்புப் பலகை அரையடி வரைக்கும் முறுகி ஆடியது, ஆனாலும் தண்ணீர் உள்ளே வரவில்லை என்று ஆண்டர்சன் பதிவு செய்திருக்கிறார். சிகாகோ போகும்வரை, இந்த வகைக் கப்பல் பெருங்கடலைத் தாங்காது என்று மேஜையில் உட்கார்ந்து சொன்னவர்கள் நிறைய.

செலவைப் பற்றி: கப்பல் கட்டுகிற செலவு பெரிதுதான். ஓட்டுகிறவர்கள் சம்பளம் வாங்காததால்தான் மிச்சம் நடக்கிறது. பல வருடக் கோடைகளில் பயிற்சி ஓட்டம் ஓட்டிப் பழகிய தன்னார்வலர்கள் அவர்கள். கப்பல் கிடைத்தாலும் இந்த ஆட்களைக் காசு கொடுத்துத் திரட்ட முடியாது.

நம் பக்கம் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? ராஜேந்திர சோழன் கப்பலைக் கட்டி கடாரத்துக்கு ஓட்டினால் என்ன?
– வாசகர், யாழ்ப்பாணம்

நடந்திருக்கிறது, உங்கள் தீவுக்கே வந்து போனது. இந்தோனேசியாவில் பெலிதுங் தீவருகே மூழ்கிக் கிடந்த ஒன்பதாம் நூற்றாண்டு அரபு வகைக் கப்பலைப் பார்த்து ஓமானில் ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ கட்டினார்கள். ஆணியே இல்லை, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தது. 2010 பிப்ரவரியில் மஸ்கட்டில் கிளம்பி, கொச்சி வந்து, இலங்கையின் காலித் துறைமுகம் நோக்கிப் போகிற வழியில் பாய்மரம் விரிசல் விட்டது. காலியில் இலங்கை மரத்தில் புதுசு செய்து நட்டுக்கொண்டு பினாங்கு வழியாக ஜூலையில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். போரோபுதூர் கோயில் புடைப்புச் சிற்பத்தில் உள்ள கப்பலைக் கட்டி, 2003–04-இல் ஜகார்த்தாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி கானா வரை ஓட்டினார்கள். இந்தியக் கடற்படையின் கௌண்டின்யா, அஜந்தா ஓவியத்துக் கப்பலைப் பார்த்து, கேரளத் தச்சர்கள் நார்க் கயிற்றால் தைத்தது. 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்து, அந்த வருடக் கடைசியில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குக் கிளம்பியது.

சோழன் கப்பல் விஷயத்தில் எனக்கும் ஆசைதான், ஆனால் எதைப் பார்த்துக் கட்டுவது? சோழர் போர்க்கப்பல் என்று அடித்துச் சொல்லக்கூடிய ஒரு சிதைவும் இதுவரை கடலிலிருந்து வெளியே வரவில்லை. கல்வெட்டு ‘பல கலம் செலுத்தி’ என்று சொல்கிறது, கலம் எத்தனை முழம் என்று சொல்லவில்லை. இப்போது கட்டினால் அது சினிமா செட் மாதிரி பெரிய புலிக்கொடியும் தங்க முலாமுமாக வரும் என்று பயமாக இருக்கிறது. கடலடி அகழாய்வுக்கு முதலில் காசு ஒதுக்கட்டும். காற்று பார்த்துப் போவது பற்றி வேண்டுமானால் இப்போதே சோதிக்கலாம்: நாகப்பட்டினத்திலிருந்து எந்த மாதம் கிளம்பினால் கடாரம் போகலாம், திரும்ப எத்தனை மாதம் அங்கே காத்திருக்க வேண்டும் என்று ஒரு சாதாரணப் பாய்க்கப்பலை வைத்தே பார்த்துவிடலாம். அதற்கு லீவு யார் கொடுப்பார்கள் என்பதுதான் பிரச்சினை.

சீ ஸ்டாலியன் இப்போது எங்கே?
– வாசகர், சேலம்

டப்ளினில் ஒரு குளிர்காலம் முழுக்க அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் முற்றத்தில் காட்சிக்கு நின்றது. 2008 ஜூன் கடைசியில் கிளம்பி, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையைச் சுற்றி, ஆங்கிலக் கால்வாய் வழியாக ஆகஸ்ட் 9 ரோஸ்கில்ட வந்தது. அருங்காட்சியகத்தின் படகுத்துறையில்தான் அதன் வீடு.

என் மகன் இந்த மாதிரிக் கப்பலில் ஒரு தடவையாவது போக வேண்டும் என்கிறான். தடுப்பதா, அனுப்புவதா?
– ஒரு தாய், கோவை

அனுப்புங்கம்மா. ஆனால் சீ ஸ்டாலியன் வேண்டாம், அது அங்கேயே வருடக்கணக்கில் பழகியவர்களுக்கு. மேலே சொன்ன யோதெபோரி ஒரு வழி. அந்தக் கப்பல் 2005–07-இல் சீனா போய்த் திரும்புகையில் சென்னைத் துறைமுகத்துக்கும் வந்திருந்தது. அதில் நிரந்தர மாலுமிகளோடு, காசு கட்டிச் சேருகிற தள உதவியாளர்களும் உண்டு. ஆமாம், வேலையும் செய்ய வேண்டும், காசும் கட்ட வேண்டும். பாய்மரம் ஏறுவது, கயிறு இழுப்பது, ராத்திரிக் காவல், தளம் தேய்ப்பது. பீரங்கித் தளத்தில் தூளி கட்டித் தூக்கம். மோட்டாரும் இருக்கிறது, அதனால் நீங்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம்.

நீச்சல் தெரியுமா, உயரம் என்றால் தலை சுற்றுமா, வாந்தி வந்தால் ரெண்டு நாளில் தேறுகிற உடம்பா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள். கடலூரிலோ ராமேஸ்வரத்திலோ தெரிந்தவர்கள் இருந்தால், விடியற்காலையில் படகில் ஒரு நாள் கூட்டிப்போகச் சொல்லுங்கள், பாதி விடை அன்றைக்கே வந்துவிடும். அங்கே சேருவதற்கான நிபந்தனை, கட்டணம் எல்லாம் பயணத்துக்குப் பயணம் மாறுகிறது, கப்பலின் சொந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளட்டும். ஏஜெண்ட் யாரிடமும் முன்பணம் கொடுக்க வேண்டாம். விசா ஒன்றல்ல, கப்பல் நிற்கிற ஒவ்வொரு நாட்டுக்கும் பார்க்க வேண்டியிருக்கும்.